கீறுவதற்கு முன்னால், அது என்ன கட்டி என்று தெரிய வேண்டும்

வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 34. இரண்டு குழந்தைகள், இரண்டுமே சுகப்பிரசவம். ஜவுளிக் கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. எட்டு மாதத்துக்கு முன் குளிக்கும்போது, சிறுநீர் வரும் துவாரத்துக்குச் சற்றுக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார். அதன் பிறகு சிறுநீர் நேராகப் போகாமல் ஒரு பக்கமாகச் சிதறித் தொடையில் படுகிறது. கழித்துவிட்டு எழுந்து புடவையைச் சரிசெய்யும்போது இன்னும் சில சொட்டுகள் தானாக வந்து உள்ளாடை நனைகிறது. ஒரு வருடத்தில் நான்கு முறை நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. நான்கு முறையும் மருந்துக் கடையில் சொல்லி மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். உடலுறவின்போது வலிப்பதால் கணவரைத் தவிர்க்கிறார், காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

மாமியாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். “சூட்டுக் கட்டிதான், வெந்தயம் ஊறவச்சுக் குடி” என்றாராம். வயிற்றில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் எல்லாம் நார்மல். 22 வயதில் சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பதாகச் சொல்லி மருந்து கொடுத்தார்கள், அதுதான் இப்போது கீழே இறங்கி வந்துவிட்டதோ என்று பயம். பக்கத்து ஊர் கிளினிக்கில், “சின்னக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு இங்கேயே கீறிவிடலாம், பத்து நிமிஷ வேலை” என்றிருக்கிறார்கள். கடையில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்கிறார். இரவில் போனில் தேடிப் படித்ததில் புற்றுநோய் என்ற சொல் கண்ணில் பட்டு, தூக்கம் போய்விட்டது.

இது புற்றுநோயா? கிளினிக்கில் கீறிக்கொள்ளலாமா? நான் சுத்தமாக இல்லாததால் வந்ததா, கணவரால் வந்ததா? இவை அவர் கேள்விகள். கடிதத்தின் கடைசி வரி: “இதை ஒருவரிடம் காட்டவே கூச்சமாக இருக்கிறது, டாக்டர்.”

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. இந்த இடத்தில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீரோ சளி போன்ற திரவமோ தேங்கிய பைகள்தான். கல் போலக் கெட்டியாக இருப்பது, மேற்பரப்பு கரடுமுரடாக இருப்பது, அதிலிருந்து ரத்தம் கசிவது, வாரக் கணக்கில் வேகமாகப் பெரிதாவது, இடுப்பு மடிப்பில் நெறி கட்டுவது போன்றவைதான் எங்களைக் கவலைப்பட வைக்கும். நீங்கள் இவற்றில் எதையும் எழுதவில்லை. எட்டு மாதமாகக் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கையால் தொட்டுப் பார்க்காமல் எந்த மருத்துவரும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் இன்று இரவு பயந்துகொண்டு படுக்க வேண்டிய நிலை இல்லை என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்தது ‘நீர்க்கட்டி’ என்ற சொல். இந்தச் சொல் நம் பெண்களை நிறையக் குழப்பியிருக்கிறது. 22 வயதில் உங்களுக்கு இருந்ததாகச் சொன்னது பி.சி.ஓ.டி. முழுதாக வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள் ஸ்கேனில் மணிகள் கோத்தது போலத் தெரியும், அதற்குத்தான் நாம் நீர்க்கட்டி என்று பேர் வைத்துவிட்டோம். அவை சினைப்பைக்குள்ளேயே இருப்பவை. அங்கிருந்து இறங்கி வர வழியும் இல்லை, வரவும் வராது. இப்போது கையில் தட்டுப்படுவது வேறு இடத்தில், வேறு சுரப்பியிலோ குழாயிலோ உண்டானது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. குழந்தைப்பேற்றையும் இது பாதிக்காது.

வயிற்று ஸ்கேன் நார்மல் என்று வந்ததற்கும் இதுதான் காரணம். அடிவயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்த்தால் கர்ப்பப்பை, சினைப்பை, சிறுநீர்ப்பை தெரியும். உங்கள் கட்டி இருக்கும் இடம் அதற்கெல்லாம் கீழே. அங்கே அந்த ஸ்கேனுக்கு எட்டாது. ஸ்கேன் பொய் சொல்லவில்லை, தேட வேண்டிய இடத்தில் தேடவில்லை, அவ்வளவுதான்.

அந்த இடத்தில் என்னென்ன வரும்

பெண்களின் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம்தான். யோனியின் முன்சுவரை ஒட்டியே அது இறங்குகிறது. அதன் வாய்க்கு இரு பக்கமும் சிறிய சுரப்பிகள் உண்டு. 1880-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் பணிபுரிந்த அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற மருத்துவர் இவற்றை விவரித்து எழுதினார், அவர் பெயராலேயே ஸ்கீன் சுரப்பி என்கிறோம். ஆண்களுக்கு இருக்கும் பிராஸ்டேட் சுரப்பிக்கு இணையானது இது. இதன் மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டால் சுரக்கும் நீர் வெளியே வராமல் தேங்கி, ஒரு பக்கமாக உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சிறுநீரின் பாதையை இடித்துத் திருப்பிவிடும். தொடையில் படுகிறது என்று நீங்கள் எழுதியது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கு உள்ளேதான் இருக்கும். பலருக்கு எந்தத் தொல்லையும் தராமல் வருடக் கணக்கில் கிடக்கும்.

வேறு சிலவும் உண்டு. யோனியின் முன்சுவரில் பக்கவாட்டில் வருவது கார்ட்னர் கட்டி. நாம் கருவில் இருந்தபோது உண்டாகிப் பிறகு மறைய வேண்டிய ஒரு குழாயின் மிச்சத்திலிருந்து வருகிறது. சிலருக்கு இதோடு சிறுநீரகத்தின் அமைப்பிலும் பிறவி மாறுபாடு இருக்கலாம் என்பதால், இது இருந்தால் சிறுநீரகத்தையும் ஒரு முறை ஸ்கேன் செய்து பார்ப்போம். பிரசவத்தில் கிழிந்து தையல் போட்ட இடத்தில் தோலின் மேற்படலம் உள்ளே மாட்டிக்கொண்டு உண்டாகும் கட்டி பெரும்பாலும் பின்பக்கம் வரும். பார்த்தோலின் கட்டி யோனி வாயின் கீழ்ப்பகுதியில், இடம் அல்லது வலம் என்று ஒரு பக்கமாக வரும். மாதவிலக்கு நின்றவர்களுக்குச் சிறுநீர்த் துவாரத்தின் விளிம்பில் சிவப்பாகச் சதை வளர்வது வேறு விஷயம், அதற்குப் பல நேரம் ஹார்மோன் களிம்பே போதும். இருமினால், முக்கினால் பெரிதாகி, படுத்தால் உள்ளே போய்விடும் வீக்கம் என்றால் அது கட்டியே அல்ல. சிறுநீர்ப்பை இறங்கி வருவது, நம் ஊரில் அடி இறக்கம் என்பார்களே, அது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி

கழித்துவிட்டு எழுந்த பிறகு தானாக வரும் சொட்டுகள். இதை ஏதோ சில்லறை விஷயம் போல அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

சிறுநீர்க் குழாயின் சுவரிலேயே ஒரு பை உருவாவது உண்டு. யூரித்ரல் டைவர்டிகுலம் என்று பெயர். குழாயைச் சுற்றியுள்ள சுரப்பிகளில் ஒன்றில் தொற்று வந்து, அது உள்பக்கமாக உடைந்து குழாயோடு சேர்ந்துகொள்வதால் வருகிறது என்பதுதான் பரவலாக ஏற்றுக்கொண்ட விளக்கம். ஆற்றங்கரையில் குட்டை உண்டாவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வரும்போது குட்டையும் நிறையும், ஆறு வடிந்த பிறகும் குட்டையில் தண்ணீர் நிற்கும், நின்ற தண்ணீர் கெடும். அதே போல, சிறுநீர் போகும்போது கொஞ்சம் அந்தப் பைக்குள் புகுந்துகொள்கிறது. எழுந்து நடக்கும்போது சொட்டுகிறது. மீதி அங்கேயே தேங்கித் தொற்று உண்டாக்குகிறது. மாத்திரை போட்டால் சிறுநீர்ப்பையில் உள்ள தொற்று அடங்கும், பையில் உள்ளது அடுத்த மாதம் மறுபடி கிளம்பும்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், உடலுறவில் வலி, கழித்த பிறகு சொட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் டைவர்டிகுலத்தை நினை என்று எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக்கொடுப்பார்கள். உண்மையில் மூன்றும் ஒரே ஆளுக்கு இருப்பது குறைவுதான். உங்களுக்கு மூன்றும் இருக்கிறது. ஆனால் கட்டி துவாரத்தை ஒட்டியே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டைவர்டிகுலம் பெரும்பாலும் இன்னும் சற்று உள்ளே, நடுவாக, யோனியின் முன்சுவரில் இருக்கும். அந்த ஒரு குறிப்பு ஸ்கீன் கட்டியின் பக்கம் சாய்கிறது. சொட்டுவதற்கு, பிரசவத்துக்குப் பிறகு அடித்தசைகள் தளர்ந்தது போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். ஆகவே இதுதான் என்று நான் சொல்லவில்லை. இரண்டில் எது என்று தெரியாமல் யாரும் கத்தியை எடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

பத்து நிமிஷத்தில் கீறிக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதை மட்டும்தான்.

டைவர்டிகுலம் என்றால் அந்தப் பையின் உள்பக்கம் சிறுநீர்க் குழாயோடு திறந்தே இருக்கிறது. அதை யோனிப் பக்கமிருந்து கீறித் திறந்துவிட்டால், குழாயிலிருந்து யோனிக்கு ஒரு வழி உண்டாகிவிடலாம். ஃபிஸ்டுலா என்போம். வர வேண்டிய இடத்தில் வராமல் சிறுநீர் யோனி வழியாகக் கசியும். அதைச் சரிசெய்யும் அறுவை முதல் அறுவையைவிடக் கடினம். இப்படிக் கசிவோடு வந்து உட்கார்ந்து அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: “சின்னக் கட்டின்னுதான் சொன்னாங்க.”

ஸ்கீன் கட்டியாகவே இருந்தாலும், வெறுமனே கீறி நீரை வெளியேற்றினால் தோல் மூடியதும் பை மறுபடி நிறையும். ஊசியால் உறிஞ்சினாலும் அப்படியே. சீழ் பிடித்து, தொட முடியாத வலியோடு துடிக்கும்போது அவசரத்துக்குக் கீறி வடிப்பது உண்டு, அது வேறு. உங்களுக்கு இப்போது அந்த அவசரம் இல்லை. கிளினிக்கில் அப்படிச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

என்ன பரிசோதனை, யாரிடம்

மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். சிறுநீரக அறுவை நிபுணர், அதாவது யூராலஜிஸ்ட் உள்ள மருத்துவமனையாக இருந்தால் நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாக இரண்டு பிரிவும் இருக்கும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சீட்டு எழுதி அனுப்புவது எளிது.

மருத்துவர் முதலில் கண்ணால் பார்ப்பார், பிறகு விரலால் யோனியின் முன்சுவரை மெல்ல அழுத்திப் பார்ப்பார். அழுத்தும்போது சிறுநீர்த் துவாரம் வழியாகச் சிறுநீரோ சீழோ வருகிறதா என்பது முக்கியமான தடயம். இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அழுத்துவதும் பிதுக்குவதும் தொற்றைப் பரப்பும்.

அப்புறம் யூரின் கல்ச்சர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்தாலே அதை ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’ என்று கணக்கில் எடுத்து, காரணத்தைத் தேட வேண்டும். உங்களுக்கு நான்கு முறை. நான்கு முறையும் எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்காமலே மாத்திரை போயிருக்கிறது. அடுத்த முறை எரிச்சல் வந்தால் முதல் மாத்திரைக்கு முன்னால் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள். மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி வளராமல் போய், தொற்றே இல்லை என்பது போல ரிப்போர்ட் வரலாம். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். கூடவே ரத்தத்தில் சர்க்கரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், சர்க்கரை இருப்பது தெரியாமலே தொற்றோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு.

கட்டியைப் பார்க்க, யோனி வழியாகவோ வெளியே அடிப்பக்கத்தில் வைத்தோ எடுக்கும் ஸ்கேன் உதவும். டைவர்டிகுலம் என்ற சந்தேகம் தீரவில்லை என்றால் இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். செலவு கூடுதல்தான். ஆனால் பை எவ்வளவு பெரிது, குழாயைச் சுற்றி எவ்வளவு தூரம் வளைந்திருக்கிறது, உள்ளே கல் ஏதும் உண்டா என்பதையெல்லாம் தெளிவாகக் காட்டுவது அதுதான். வீண் செலவு என்று நினைக்காதீர்கள். எங்கே வெட்ட வேண்டும், எங்கே வெட்டக் கூடாது என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எது அதில் வரும், எது வராது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை

ஸ்கீன் கட்டி, சிறியது, தொல்லை இல்லை என்றால் ஒன்றும் செய்யாமல் சில மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதுவும் சரியான சிகிச்சைதான். உங்களுக்கு வலியும் சிதறலும் தொற்றும் இருப்பதால், சும்மா விடுவது சரிப்படாது என்று தோன்றுகிறது. முதலில் தொற்றை மருந்தால் முழுதாக அடக்கிவிட்டு, பிறகு பையை முழுவதுமாக எடுப்பார்கள். அல்லது பையைத் திறந்து அதன் விளிம்பைச் சுற்றியுள்ள தோலோடு வைத்துத் தைத்து, மறுபடி மூடாதபடி வழி செய்வார்கள். மயக்கம் கொடுத்து அறுவை அரங்கில் செய்வது, பலர் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்பிவிடுவார்கள். சிறுநீர் போகக் கொஞ்ச நேரம் குழாய் வைத்திருக்கலாம். ரத்தக்கசிவு, தழும்பு, மறுபடி வருவது, பக்கத்திலேயே சிறுநீர்க் குழாய் இருப்பதால் அதில் காயம் படுவது ஆகிய ஆபத்துகள் உண்டு. பழகிய கைகளில் குறைவு, ஆனால் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

டைவர்டிகுலம் என்றால் அறுவை கொஞ்சம் பெரியது. பையை எடுத்து, குழாயில் அது திறந்திருந்த இடத்தை அடுக்கடுக்காகத் தைப்பார்கள். சிறுநீர்க் குழாய் ஆறுவதற்காக கதீட்டரை, அதாவது சிறுநீர் வடிய உள்ளே வைக்கும் மெல்லிய ரப்பர் போன்ற குழாயை, வழக்கமாக இரண்டு மூன்று வாரம் வைத்திருப்பார்கள். நின்று வேலை செய்யும் உங்களுக்கு இது முக்கியம். விடுப்பு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், எல்லாவற்றையும் முன்பே ஏற்பாடு செய்துகொண்டு தேதி வாங்குங்கள். உடலுறவு ஆறு வாரத்துக்குக் குறையாமல் வேண்டாம், மருத்துவர் பார்த்து ஆறிவிட்டது என்று சொன்ன பிறகுதான். சிலருக்குப் பிறகு இருமும்போது, தும்மும்போது சிறுநீர் கசியலாம், சிலருக்குப் பை மறுபடி வரலாம், அரிதாக ஃபிஸ்டுலாவும் வரலாம். ஆகவே இதை ஏற்கெனவே செய்து பழகியவரிடம் செய்துகொள்வது நல்லது. “இந்த அறுவை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?” என்று மருத்துவரைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். டைவர்டிகுலத்தில் மிக அரிதாகப் புற்றுநோய் செல்கள் இருப்பதுண்டு என்பதால், எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ரிப்போர்ட்டையும் வாங்கி வையுங்கள்.

கர்ப்பப்பை விஷயம். அந்த அக்கா அக்கறையில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது முற்றிலும் தவறு. கட்டி இருப்பது சிறுநீர்க் குழாயின் ஓரத்தில். கர்ப்பப்பையை எடுத்தாலும் கட்டி அங்கேயேதான் இருக்கும். 34 வயதில் தேவையில்லாமல் கர்ப்பப்பையை இழந்ததுதான் மிச்சமாகும்.

உங்கள் கையெழுத்து

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த அறுவைக்கும் சம்மதம் தர வேண்டியவர் நீங்கள்தான். கணவரின் கையெழுத்தையும் பல இடங்களில் வாங்குகிறார்கள், ஆனால் சுயநினைவோடு இருக்கும் வயது வந்த பெண்ணின் சம்மதத்துக்கு அது மாற்று ஆகாது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, நோயை அறிவதற்கான பரிசோதனைக்கு அவர் தந்த சம்மதத்தை வைத்துக்கொண்டு, தாயின் ஒப்புதலோடு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்ட வழக்கில், அது செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. படிவத்தில் என்ன அறுவை என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் படிவத்தில் போடாதீர்கள்.

வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடன் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில் இது இருக்கிறது.

யாருடைய தவறும் இல்லை

சுத்தமாக இல்லாததால் வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. உண்மையில் பயத்தில் அதிகமாகக் கழுவுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சோப்பும் கிருமிநாசினித் திரவமும் போட்டு உள்ளே கழுவினால் அங்கே இயல்பாக இருக்க வேண்டிய நல்ல கிருமிகள் போய் எரிச்சல்தான் கூடும். வெறும் தண்ணீர், வெளிப்பக்கம் மட்டும், அது போதும். வெந்தயத் தண்ணீர் குடித்தால் கெடுதல் இல்லை, மாமியார் மனம் நோக வேண்டாம். கட்டி அதனால் கரையாது. மஞ்சள், சுண்ணாம்பு என்று எதையும் அந்த இடத்தில் பத்துப் போடக் கூடாது. வலி இருந்தால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்காருங்கள், இதமாக இருக்கும்.

கணவரால் வந்ததா என்பதை எழுத உங்களுக்கு எவ்வளவு தயக்கமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. வெட்டை நோய் போன்ற பால்வினைத் தொற்று ஸ்கீன் சுரப்பியில் சீழ் பிடிக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் குடலில் சாதாரணமாக இருக்கும் கிருமிகளாலும் அது வரும். எந்தத் தொற்றும் இல்லாமலும் குழாய் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலான பெண்களுக்குக் காரணம் இன்னது என்று விரல் நீட்ட முடியாது. ஒருவரைச் சந்தேகிக்க இந்தக் கட்டி சான்று ஆகாது. துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதலோ சீழோ இருந்தால் மருத்துவர் பஞ்சில் தொட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவார். அதில் ஏதாவது தெரிந்தால் இருவரும் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் விலகுவதைப் பார்த்து அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. “அங்கே ஒரு கட்டி இருக்கு, தொட்டா வலிக்குது, டாக்டரைப் பார்க்கணும், நீங்க கூட வாங்க” என்றால் போதும். சிகிச்சை முடியும்வரை வலியைப் பொறுத்துக்கொண்டு உறவுக்கு உட்பட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கடை வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் தண்ணீரே குடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் எத்தனையோ பெண்களின் நிலை இது. சிறுநீரை அடக்குவதால் கட்டி வராது, ஆனால் தொற்று வர அது வழி செய்யும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போயே ஆக வேண்டும். நின்றே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தை மேலாளரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால், ‘திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று உள்ளது’ என்று மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கொடுங்கள். கட்டியைப் பற்றி அதில் எழுதத் தேவையில்லை.

காத்திருக்காமல் உடனே போக வேண்டியவை

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். கட்டி திடீரென்று சிவந்து, வீங்கி, நடக்கவே முடியாதபடி வலித்தால் சீழ் பிடித்திருக்கிறது. சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தும் போகவே முடியவில்லை என்றால், நடு இரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிறுநீரில் ரத்தம் வந்தால் அந்த வாரமே காட்டுங்கள்.

இனி அந்தக் கடைசி வரி, கூச்சம். பரிசோதனை ஐந்து பத்து நிமிடம்தான். திரை போட்டிருப்பார்கள், மேலே துணி போர்த்தியிருப்பார்கள், வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். எங்களுக்கு அது கண்ணையோ காதையோ பார்ப்பது போலத்தான். ஒரு நாளில் நாற்பது பேரைப் பார்க்கிறோம். நீங்கள் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட நாங்கள் கவனிப்பதில்லை. மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், பழைய மாத்திரை அட்டைகள், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்த பிறகு சொட்டுவதை மறக்காமல் சொல்லுங்கள், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி என்ன பிரச்சினை என்று விசாரிப்பார்கள். அங்கே “லேடி டாக்டரைப் பார்க்கணும், நீர்க்கடுப்பு” என்று மட்டும் சொன்னால் போதும்.